வேன் விலையில் வீடு, வீட்டு விலையில் வேன்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு வேனுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (ஹாரோ, லண்டன்): என் மச்சான் 1965ஆம் வருடத்து ஸ்பிளிட் ஸ்கிரீன் (முன் கண்ணாடி நடுவில் பிளந்த மாடல்) வேன் ஒன்றை 62,000 பவுண்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தக் காசுக்கு வடக்கே ஒரு வீடே வாங்கலாம் என்றேன். "உனக்கு ரசனை கிடையாது" என்கிறார். யார் பக்கம் நியாயம்?

பதில்: வீட்டுக் கணக்கு உங்கள் பக்கம்தான். டர்ஹம் கவுண்டியின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களில், ஹார்டன், ஈசிங்டன் பகுதிகளில், இரண்டு படுக்கையறை வரிசை வீடுகள் ஏலத்தில் 50,000 பவுண்டுக்குக் கீழே கைமாறியிருக்கின்றன. அதையும் தாண்டி ஒரு விலை உண்டு. 2013இல் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகராட்சி பாழடைந்த வீடுகளைத் தலா ஒரு பவுண்டுக்குக் கொடுத்தது. ஆனால் பழுதுபார்க்கவென்று 30,000 பவுண்டு கடனும் சேர்ந்தே வந்தது. அந்த 30,000ஐ மறக்க வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் வேனுக்கும் அதே கதைதான், கீழே வேறொரு பதிலில் வருகிறது.

அமெரிக்காவில் இந்த ஒப்பீடு இன்னும் விசித்திரமானது. 2011 ஜூனில் கலிஃபோர்னியாவில் நடந்த பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் 1963ஆம் வருடத்து 23 ஜன்னல் சம்பா (கூரை ஓரத்திலும் கண்ணாடி உள்ள உயர்ரக ஸ்பிளிட்) ஒன்று, ஏலக் கமிஷனும் சேர்த்து, 2,17,800 டாலருக்குப் போனது. அந்த ஆண்டு அமெரிக்காவில் கைமாறிய பழைய வீடுகளின் நடுவிலை சுமார் 1,66,000 டாலர். அதாவது அங்கே விற்ற வீடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வேனைவிட மலிவு. இதில் வேனின் பெருமை பாதிதான். மீதிப் பாதி, 2008இல் விழுந்த வீட்டுச் சந்தை அப்போதும் எழுந்திருக்கவில்லை என்பது. 2017இல் 21 ஜன்னல் சம்பா ஒன்று 3,02,500 டாலரைத் தொட்டது. வீட்டு நடுவிலை அதற்குள் 2,47,000 டாலர் பக்கம் ஏறியிருந்தது. ஆறு ஆண்டில் இரண்டுமே ஏறின, இடைவெளியும் பெரிதாக மாறவில்லை.

ஆனால் உங்கள் மச்சான் பேசுவது ஏலச் சாதனை வேனை அல்ல. 62,000 என்பது விற்பவர் கேட்கும் விலை. ஏலத்தில் விழுந்த விலையைப் பார்த்துவிட்டு, ஊரிலுள்ள ஒவ்வொரு கொட்டகைக்காரரும் தன் வேனுக்கும் அதே மதிப்பு என்று எழுதி ஒட்டுகிறார். விளம்பரம் எத்தனை மாதமாக ஓடுகிறது என்று பாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் அங்கேயே நின்றால், அந்த விலையை ஒருவரும் ஏற்கவில்லை என்றுதானே பொருள்?

நாங்கள் மச்சானிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த 62,000இல் தகரம் எவ்வளவு, கைவேலை எவ்வளவு? தகட்டு வேலையின் புகைப்படங்கள் வரிசையாக, தேதியோடு, பில்களோடு இருந்தால் அந்த விலையில் பேச இடமுண்டு. மினுங்கும் பெயின்ட் மட்டும்தான் இருக்கிறதென்றால் நீங்கள் சொன்ன வீட்டையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மிசிசாகா, கனடா): 11 ஜன்னல், 21 ஜன்னல், 23 ஜன்னல் என்கிறார்களே, எண்ணிப் பார்த்தால் எனக்குக் கணக்கு வருவதே இல்லை.

பதில்: முன்னாலிருந்து எண்ணுங்கள். முன் கண்ணாடி நடுவில் பிளந்திருப்பதால் இரண்டு. ஓட்டுநர் பக்கமும் மறுபக்கமும் கதவுக் கண்ணாடி இரண்டு. சாதாரண வேனில் பக்கவாட்டில் இந்தப் புறம் மூன்று, அந்தப் புறம் மூன்று. பின்னால் ஒன்று. மொத்தம் 11. டீலக்ஸில் பக்கத்துக்கு நான்கு, ஆக 13. பின் மூலை இரண்டிலும் வளைந்த கண்ணாடி வைத்தால் 15. கூரை ஓரத்தில் பக்கத்துக்கு நான்கு சிறு கண்ணாடிகள் சேர்ந்தால் 23. இதுதான் சம்பா. 1964 மாடலில் பின்கதவை அகலமாக்கியபோது மூலைக் கண்ணாடி இரண்டும் போயின. அதிலிருந்து சம்பா என்றால் 21.

கணக்கு தெரிந்தால் போலியைப் பிடிக்கலாம். சாதாரண 11 ஜன்னல் வேனான கோம்பியின் கூரையை வெட்டிக் கண்ணாடி பதித்துச் சம்பா என்று விற்பது நடக்கிற காரியம்தான். 1964 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வண்டிகளில் சேஸிஸ் எண் ஒன்பது இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வகையைச் சொல்லும்: 21 என்றால் சரக்கு வேன், 23 கோம்பி, 24 டீலக்ஸ். மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு. 235 என்று தொடங்கும் வண்டிக்குக் கூரையில் எட்டுக் கண்ணாடி இருந்தால் அது தொழிற்சாலை வைத்த கண்ணாடி அல்ல. எண் எஞ்சின் அறைக்குள் வலப்பக்கத் தகட்டில் குத்தப்பட்டிருக்கும். அந்தத் தகட்டைச் சுற்றிப் புதிய வெல்டிங் தெரிந்தால் ஆவணத்தை இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி (கொவென்ட்ரி): பே விண்டோ (ஸ்பிளிட்டுக்கு அடுத்து வந்த, முன் கண்ணாடி ஒரே வளைவாக உள்ள மாடல்) வேன் ஒன்றைப் பார்க்க இந்தச் சனிக்கிழமை போகிறோம். எங்களுக்கு எஞ்சின் தெரியாது. எதைப் பார்த்தால் போதும்?

பதில்: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். கெட்ட எஞ்சினைக் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். இந்த வேனில் உங்கள் பணத்தைத் தின்பது துரு.

காரணம் அதன் உடலமைப்பு. பீட்டில் காரில் மேல்கூட்டை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம், அடித்தளம் தனி. வேனில் அப்படி இல்லை. அடிச்சட்டம், தளம், பக்கவாட்டு எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்ட ஒரே கூடு. கீழே துரு பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியைத் தாங்கும் எலும்பே அரிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே தெரிவதற்குப் பத்து வருடம் முன்பே உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தம், சிறிய ஸ்குரூடிரைவர், கீழே படுக்க ஒரு பழைய போர்வை. முதல் நாள் மழை பெய்திருந்தால் நல்லது. போனவுடன் கேபின் தரையிலுள்ள மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் தானே பேசும்.

பிறகு கதவுகளுக்குக் கீழே ஓடும் "சில்" என்ற அடிவிளிம்பு. வெளியே ஒரு தகடு தெரியும். அதன் உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு உண்டு. வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்து விற்பதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய தந்திரம். வண்டிக்குக் கீழே படுத்து, உள்ளடுக்கைப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே புத்தம் புதுசு, உள்ளே பழுப்பு அப்பளம் என்றால் அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி வெட்டித் திறக்க வேண்டும். சில்லில் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், கீறல் விழுந்தால் அந்தப் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

அங்கிருந்து ஜாக்கி வைக்கும் இடங்கள். விற்பவரிடம் கேட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்தபடி, அந்தப் பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவு நிலையின் இடைவெளி மாறினாலோ, இறக்கியபின் கதவு மூட மறுத்தாலோ, நடுமுதுகு போய்விட்டது. ஜாக்கி போடவே கூடாது என்று அவர் தடுத்தால் அதுவும் பதில்தான்.

மேலே கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் கால்வாயைப் பலர் மறந்துவிடுவார்கள். பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருந்தால் அடியில் துரு. அதை வெட்டி ஒட்டுவது சில்லைவிடச் சிரமம், அருகில் கண்ணாடி, துணிக்கூரை எல்லாம் இருப்பதால். எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு, சக்கர வளைவுகளின் உட்புறம், முன் மூக்குத் தகட்டின் அடிப்பகுதி, இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக எஞ்சின். அணைத்திருக்கும்போது பின்னாலுள்ள கிராங்க் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) இரு கையாலும் பிடித்து, உங்களை நோக்கி இழுத்துப் பிறகு உள்ளே தள்ளுங்கள். சுற்ற வேண்டாம், முன்னும் பின்னும் மட்டும். அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருக்க வேண்டும்: 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை சரி, 0.15 எல்லை. "டொக் டொக்" என்று சத்தத்தோடு ஆடினால் எஞ்சின் கூட்டைப் பிரிக்கிற வேலை. அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): துருப்பிடித்த பே விண்டோ 6,000 பவுண்டுக்கு வருகிறது. முழுதாகச் செய்து முடித்தது 32,000. நான் டிங்கரிங் கடை வைத்திருந்தவரின் மகன், ஓரளவு வேலை தெரியும். மலிவானதை வாங்கிச் செய்யலாமா?

பதில்: டிங்கரிங் வேலை தெரிந்தவர் என்பதால் உங்களுக்குக் கணக்கைப் போட்டே காட்டலாம். நன்றாக அரித்த பே விண்டோவை அடியிலிருந்து மேலே வரை சரிசெய்யத் தகட்டு வேலைக்கு மட்டும் 400 முதல் 500 மணி நேரம் ஆகும். பிரித்தல், பூட்டல், வயரிங், கண்ணாடி, ரப்பர் என்று இன்னொரு 200. மொத்தம் 650 என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மணிக்கு 55 பவுண்டு வாங்கினால் 35,750. தகடுகளும் ரப்பர்களும் ஏறக்குறைய 5,000. பெயின்ட் 7,000. எஞ்சினைப் புதுப்பிக்க 3,500. உள்ளே படுக்கை, அலமாரி, மெத்தைக்கு 4,000. வேன் விலை 6,000. கூட்டினால் 61,250. செய்து முடித்தது 32,000க்குக் கிடைக்கும்போது!

இது புதிரல்ல. அந்த 32,000 வேனை விற்பவர் தன் உழைப்பை மிகக் குறைந்த விலைக்கு, சில சமயம் சும்மாவே, கொடுக்கிறார். வார இறுதிகளில் நான்கு வருடம் செய்த வேலைக்கு யாரும் மணிக்கணக்குப் போடுவதில்லை. ஆகவே எங்கள் பதில்: ஒழுங்காகச் செய்து, படம் எடுத்து வைத்த ஒருவரிடமிருந்து முடித்ததை வாங்குங்கள்.

நீங்களே செய்தால் 35,750 மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கினாலும் 650 மணி நேரம் என்பது 81 வாரம். மழை, விசேஷம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் சேர்த்தால் இரண்டரை வருடம். அதுவரை கூரையுள்ள இடம் வேண்டும். கொட்டகைக்கு மாதம் 120 பவுண்டு என்றாலும் 30 மாதத்தில் 3,600 போய்விடும். அதை மறந்துவிட்டுத் தொடங்குகிறவர்களின் வேன்கள்தான் "பாதி முடிந்தது, நேரமின்மையால் விற்பனைக்கு" என்று விளம்பரத்தில் வருகின்றன. நல்ல பேரம் வேண்டுமானால் அந்த விளம்பரங்களைத் தேடுங்கள். தகட்டு வேலை முடிந்து, பெயின்டுக்கு முன் நின்றுபோன வேன்தான் உங்களைப் போன்ற கைக்காரருக்கு ஏற்றது. மற்றவர் வெல்டிங்கைப் பெயின்ட் மறைக்குமுன் பார்த்துவிடலாம்.

ஒன்று மட்டும்: வேலையைத் தொடங்கும்போது இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். உள்ளே குறுக்கு, நெடுக்கு கம்பிகளை வெல்டிங் செய்து கதவு நிலையைக் கட்டிவிட்டு, ஒரு பக்கத்தை முடித்தபிறகே மறுபக்கம். இல்லையென்றால் கூடு ஒரு சென்டிமீட்டர் தொங்கும், அதன்பின் நழுவுகதவு ஆயுசுக்கும் சரியாக மூடாது.

கேள்வி (பர்மிங்காம்): பிரேசிலிலிருந்து வரும் வேன்கள் விலை குறைவாக இருக்கின்றன. துருவும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஜெர்மனி 1967இல் ஸ்பிளிட்டை நிறுத்தியது. பிரேசில் 1975 வரை அதைச் செய்தது. அதன்பிறகு 1990களின் நடுப்பகுதிக்கு மேலும் அங்கே வந்தது ஒரு கலப்பு: மூக்கு பே விண்டோ, நடு உடல் பழைய ஸ்பிளிட், நழுவுகதவு இல்லை, கீல் வைத்த கதவுகள். 1997இல்தான் நழுவுகதவும் உயர்ந்த கூரையும் வந்தன. 2005 கடைசியில் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் போய் 1.4 லிட்டர் தண்ணீர்க் குளிர்ச்சி எஞ்சின் வந்தது. முன் மூக்கில் கறுப்பு ரேடியேட்டர் வலை தெரிந்தால் அந்த வகை. 2013 டிசம்பரில் உற்பத்தி நின்றது, 2014இலிருந்து ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயம் என்று சட்டம் வந்ததால்.

இங்கிலாந்தில் இந்த ஆண்டுக் கணக்குதான் பணத்தைத் தீர்மானிக்கும். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிரிவில் சாலை வரி இல்லை, லண்டன் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும்) பகுதியில் நாளுக்கு 12.50 பவுண்டு கட்டணமும் இல்லை. பெரிய மாற்றம் செய்யப்படாததாக இருந்தால் வருடாந்தர எம்ஓடி (வண்டித் தகுதி) சோதனையும் கட்டாயமில்லை. (கட்டாயமில்லை என்றாலும் வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள், பிரேக் பிடிக்குமா என்பதை அடுத்த விளக்குக் கம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.) 2008 பிரேசில் வேன் பார்வைக்கு எழுபதுகள், சட்டத்துக்கு 2008. பதிவு ஆவணத்தில் உற்பத்தி ஆண்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிரேசில் வேன் என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம், பயணிகள் கதவு வலப்பக்கம். இங்கிலாந்தில் சாலையோரம் நிறுத்தினால் பிள்ளைகள் போக்குவரத்துப் பக்கம் இறங்குவார்கள். விலை பேசும்போது இதை யாரும் நினைப்பதில்லை. துருவைப் பொறுத்தவரை, அங்கே சாலையில் உப்பு இல்லை என்பது உண்மை. கடலோர ஊரில் ஓடிய வண்டியா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): இங்கே பழைய வண்டிகளுக்கான எச் நம்பர் பிளேட் வாங்கினால் லாபமா?

பதில்: 30 வயது நிரம்பி, அசல் நிலைக்கு அருகில் இருக்கிறது என்று பரிசோதகர் சான்று கொடுத்தால், வருட வரி எஞ்சின் அளவு பாராமல் சுமார் 191 யூரோ. சுற்றுச்சூழல் மண்டலத்துக்குள்ளும் போகலாம். பெரிய அலாய் சக்கரம், தாழ்த்திய சஸ்பென்ஷன் எல்லாம் மாட்டியிருந்தால் சான்று கிடைப்பது கடினம், அந்தந்தக் காலத்திலேயே மாட்டிய பாகம் என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும்.

கேள்வி (க்ராய்டன்): திருமணமாகி ஒரு வருடம். கையில் 40,000 பவுண்டு இருக்கிறது. லண்டனில் வீடு நினைத்தும் பார்க்க முடியாது. ஒரு கேம்பர் வேன் வாங்கி அதிலேயே இரண்டு மூன்று வருடம் இருந்தால் வாடகை மிச்சமாகுமே என்று என் கணவர் சொல்கிறார்.

பதில்: கணவரிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, வீட்டுக்கு வெளியே தரையில் நாலரை மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். ஏழரைச் சதுர மீட்டர் சொச்சம். அதில் எஞ்சினுக்கும் ஓட்டுநர் இருக்கைகளுக்கும் கொடுத்துவிட்டு மீதியில்தான் அடுப்பு, தொட்டி, படுக்கை, இரண்டு பேரின் குளிர்காலத் துணி. இங்கிலாந்தின் இடஅளவுத் தரம் ஒருவர் மட்டும் இருக்கும் ஃபிளாட்டுக்கே 37 சதுர மீட்டர் என்கிறது. குளியலறை வேனுக்குள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் சூடு. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. புகைக்குழாயைச் சுற்றிப் போகும் காற்றுதான் கேபினுக்கு வெப்பம் தருகிறது, அதுவும் எஞ்சின் ஓடும்போது மட்டும். ஜனவரி ராத்திரி நிறுத்திவைத்த வேனில் தனி ஹீட்டர் இல்லாமல் தூங்க முடியாது. ஹீட்டர் வைத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வைக்க வேண்டும். இரண்டு பேர் தூங்கி எழுந்தால் மூச்சிலிருந்தே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் படியும். அந்தத் தண்ணீர் வழிந்து எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன அதே சில்லுக்குள். குடியிருந்தே வேனின் விலையைக் குறைத்துவிடுவீர்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய வண்டிகளுக்கான மலிவான இன்ஷூரன்ஸ், வண்டி வாரக் கடைசியில் மட்டும் ஓடும், வீட்டில் வேறொரு கார் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தரப்படுவது. அதில் குடியிருக்கிறோம் என்றால் அந்தக் கட்டணம் பொருந்தாது. சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் கை விரித்துவிடுவார்கள்.

இப்போது 40,000ஐத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டனில் சராசரி வீட்டு விலை 2,70,000 பவுண்டு பக்கம். அதற்கு 40,000 என்பது ஏறக்குறைய 15 சதவீத முன்பணம். லண்டனுக்குள் முடியாது, சரி. ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குப் போதும். இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்கு 3,00,000 பவுண்டு வரை முத்திரை வரியும் இல்லை. வங்கி மீதி 85 சதவீதத்தை வீட்டுக்குக் கொடுக்கும். வேனுக்கு அந்த மாதிரி 25, 30 வருடக் கடன் எந்த வங்கியும் தராது. வீட்டையும் வேனையும் விலைச் சீட்டில் ஒப்பிடுகிறவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான்: வீட்டுக்கு நீங்கள் கையிலிருந்து போடுவது விலையில் ஒரு பகுதி, வேனுக்கு முழு விலை. கணவருக்கு வேன் ஆசை நிஜமாகவே இருந்தால், வருடத்தில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் போய்வாருங்கள். மழையில் நான்காம் நாள் அந்த ஆசை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (சிட்னி): முதலீடு என்று நினைத்து வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கொட்டகை, இன்ஷூரன்ஸ், வருடப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து விலையில் ஐந்து சதவீதத்தைச் சுலபமாக விழுங்கும். விலை வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏறினால்தான் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். ஓட்டுவதற்காக வாங்குங்கள். வாங்கினால் இன்ஷூரன்ஸில் "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற வகையைக் கேட்டு, படங்களோடு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் விபத்தன்று பழைய வேன் என்ற விலைதான் வரும்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): வாங்கியாயிற்று. 1972 பே விண்டோ, 1600 எஞ்சின். முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வாழ்த்துகள். முதல் வேலை பெட்ரோல் டியூப். இதை முடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இந்த வேன்கள் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் வெடித்துப்போன ரப்பர் டியூப்தான். டேங்க் எஞ்சினுக்குப் பக்கத்து அறையில், அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. டியூப் கழன்றால் எஞ்சின் அணைந்திருந்தாலும் பெட்ரோல் தானாக இறங்கிச் சூடான எஞ்சின் மேல் சொட்டும். துணி சுற்றிய பழைய டியூப் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ரப்பர் பிளந்திருக்கும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோலே 10 சதவீத எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பரை அது இன்னும் வேகமாகத் தின்னும்.

எல்லா டியூப்பையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் டியூப் தரம் அச்சிட்டதாக மாற்றுங்கள். டேங்கின் மேலே காற்றுப் போக இருக்கும் சிறு டியூப்களையும் விடாதீர்கள். ஒவ்வொரு முனைக்கும் புதிய கிளிப். எஞ்சின் அறைக்குள் தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டரை எடுத்து, டேங்குக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவே அடியில் பொருத்துங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையோடு வந்தால் அதிர்ஷ்டம், ஓடும்போது வராமல் வீட்டில் வந்ததே.

அடுத்து டேப்பெட், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது. எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். இடைவெளி 0.15 மில்லிமீட்டர், உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் ஒரே அளவு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டார் முனை விளிம்பிலுள்ள கோட்டைப் பார்க்கும்படி புல்லியைத் திருப்பினால் முதல் சிலிண்டர். அது வலப்பக்கம், வண்டியின் முன்பக்கமாக இருப்பது. முடித்ததும் புல்லியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று, இரண்டாவது. மறுபடி அரைச் சுற்று, மூன்றாவது. இன்னும் அரை, நான்காவது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிப் போக வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் இடைவெளி குறைவு. சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். தளர்ந்த டேப்பெட் சத்தம் போடும், அவ்வளவுதான். இறுகிய டேப்பெட் சத்தமே போடாமல் வால்வை எரித்துவிடும், வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்கார்ந்தால்தான் அதன் சூடு இறங்கும் என்பதால். ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் இதைச் செய்ய வேண்டும். அப்போதே ஆயிலையும் மாற்றிவிடுங்கள், 2.5 லிட்டர்தான்.

மூன்றாவது, எஞ்சினைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. எஞ்சின் தகட்டுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அது அடைக்கிறது. பாதி வேன்களில் இருக்காது, யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லையென்றால் கீழே புகைக்குழாயின் சூடான காற்று மேலே ஏறி, விசிறி அதையே மறுபடி எஞ்சினுக்குள் ஊதும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் களைத்துப்போவதற்குப் பலர் கார்புரேட்டரை மாற்றிப் பார்ப்பார்கள். குற்றவாளி சில பவுண்டு விலையுள்ள இந்தப் பட்டைதான்.

கேள்வி (மில்டன் கீன்ஸ், வேறொரு வாசகர்): இதே பட்ஜெட்டில் தொல்லையில்லாத வேறு வேன்?

பதில்: தொல்லையில்லாதது இல்லை, தொல்லை வேறு மாதிரி. 1979க்குப் பின் வந்த ஃபோக்ஸ்வாகன் டி25 (பே விண்டோவுக்கு அடுத்த மாடல்) அகலமானது, ஓட்ட நல்லது, விலையும் குறைவு. அதன் தண்ணீர்க் குளிர்ச்சி பெட்ரோல் எஞ்சினில் கூலன்ட்டை ஒழுங்காக மாற்றாவிட்டால் ஹெட் அரித்துக் கசியும். உடம்பில் தகட்டு இணைப்புக் கோடுகள்தான் துருவின் வீடு. ஜப்பான் மஸ்டா போங்கோ வலப்பக்க ஸ்டியரிங், கூரை பட்டனில் எழும். டீசல் எஞ்சினில் கூலன்ட் குறைந்ததை முள் காட்டுவதற்குள் ஹெட் வெடித்துவிடும், அதனால் தனியாக ஒரு கூலன்ட் அலாரம் வாங்கி மாட்டுங்கள். இரண்டும் இளம்பெண்கள் ஓடிவந்து படம் எடுக்கும் வேன்கள் அல்ல. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி (ஆக்ஸ்ஃபோர்ட்): 1964 ஸ்பிளிட், 6 வோல்ட். ராத்திரி ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. 12க்கு மாற்றலாமா?

பதில்: தொழிற்சாலையே 1966 ஆகஸ்டில் 12க்கு மாறியது. மாற்றுமுன் எர்த் இணைப்புகளைக் கழற்றிச் சுரண்டி, பேட்டரி முனைகளையும் விளக்குத் தொட்டிகளின் தொடுமுனைகளையும் பளபளப்பாக்கிப் பாருங்கள். 6 வோல்ட்டில் அரை வோல்ட் இழந்தாலே வெளிச்சம் கணிசமாகக் குறையும், பாதி வேன்களில் நோய் அதோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் டைனமோ, ரெகுலேட்டர், காயில், எல்லா பல்பு, வைப்பர் மோட்டார், இண்டிகேட்டர் ரிலே மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டரில் கவனம். 6 வோல்ட் வண்டியின் ஃபிளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130. பல் பொருந்தாத ஸ்டார்ட்டரை மாட்டினால் முதல் திருகிலேயே ஃபிளைவீலைக் கடித்துவிடும். பழைய 6 வோல்ட் ஸ்டார்ட்டரையே வைத்துக்கொண்டு 12இல் ஓட்டுகிறவர்கள் உண்டு. வேகமாகச் சுற்றும், நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காமல் இருந்தால் தாங்கும். கழற்றிய 6 வோல்ட் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். வேனை விற்கும் நாளில் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கேட்பார்கள்.